மார்லா கீனுக்கு இரண்டு விரல் இடம்

அலுவிகாரை
16.01.2025

தம்பி ஜெஸ்டினுக்கு,

லூசியா அக்கா எழுதுவது. கவரின் பின்பக்கத்தில் என் பெயரைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இந்த வரிவரை வந்திருக்கிறாய் என்றால் சந்தோஷம். போனில் என்னை பிளொக் பண்ணி ஏழு மாதமாகிறது. பிறகு உன் மச்சானின் நம்பர். அதற்குப் பிறகு மதுஷிகாவின் நம்பர். அவள் உனக்கு என்ன செய்தாள்? என்னுடைய மகள் என்பதைத் தவிர வேறு குற்றம் எதுவும் அவள் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, வில்கமுவ தபால்காரரை உன்னால் பிளொக் பண்ண முடியாது.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். எனக்கு அல்ல, வேறொருவருக்கு.

நம் வீட்டுக்கு மேலே, மலையில் மூடிக் கிடந்த கராம்புத் தோட்டத்து பங்களாவுக்கு டிசம்பரில் பிரான்சிலிருந்து ஒரு படக் கூட்டம் வந்து இறங்கியது. இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்திய கதையாம். எங்கோ ஒரு தீவு. அங்கே கராம்புத் தோட்டம் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் செத்துப்போகிறார். அவருடைய மனைவியை அடுத்த கப்பலிலேயே ஊருக்கு ஏற்றிவிடப் பார்க்கிறார் கவர்னர். அவள் போக மாட்டேன் என்கிறாள். இந்தக் கதைக்கு நூறு பேர், பதினெட்டு லொறி, எட்டுக் குதிரை.

ஊசி பிடிக்கத் தெரிந்த உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது கோயில் ஃபாதர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். கோயிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு நான் தைக்கும் சட்டைகளை அவர் வருசா வருசம் பார்க்கிறாரே. இப்போது சொலான்ஜ் மேடம் என்ற பிரெஞ்சுக்காரிக்குக் கீழே உடுப்புப் பகுதியில் வேலை செய்கிறேன். கதாநாயகிக்கு உடுத்திவிடுவது என் பொறுப்பு.

கதாநாயகி ஹொலிவூட்காரி. பெயர் மார்லா கீன். அந்தப் பெயரைக் கேட்டதும் மதுஷிகா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே போட்டு உடைத்தாள். எனக்கோ அவள் யாரென்று தெரியாது. முதல் நாள் நான் எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் அவளை "மிஸ், கொஞ்சம் மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று அதட்டியதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் சட்டைக்குள்ளே கோர்செட் என்று ஒன்றைக் கட்டுவார்களாம். தடித்த துணி, உள்ளே வரிசையாகக் கம்பிகள், முதுகில் நாடா. தினமும் காலையில் அவள் அல்மாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் பின்னால் நின்று நாடாவை இழுப்பேன். மாடு கட்டுவது இதைவிடச் சுலபம்.

பிரச்சினை என்னவென்றால், படம் முழுக்கப் பிரெஞ்சு. அவளுக்கு அந்தப் பாசை தெரியாது. சொல்லிக்கொடுக்க வந்த டீச்சருக்கு டெங்கு, கொழும்பு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறா. மற்ற பிரெஞ்சுக்காரரிடம் கேட்க இவளுக்குக் கூச்சம். தனியாக உட்கார்ந்து புலம்புகிறாள். நேற்று கண்ணாடி முன்னால் நின்று திரும்பத் திரும்ப "மரி ஏ மோர், மரி ஏ மோர்" என்றாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல், எங்கள் பாசையில் மோர் என்றால் குடிக்கிற சாமான் என்று சொன்னேன். அவளும் சிரித்தாள், பிறகு அழுதாள். "என் புருஷன் இறந்துட்டார்னு சொல்றேன் லூசியா. அது மோர் மாதிரியா கேக்குது?" என்றாள்.

அப்போதுதான் வாயைக் கொடுத்துவிட்டேன். "என் தம்பி பதிமூணு வருசம் பாரிஸ்ல இருந்தவன், அவன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று.

மூன்று வசனம் இதோடு வைத்திருக்கிறேன். மதுஷிகா பார்த்து எழுதியது. எப்படிச் சொல்ல வேண்டும் என்று தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. நான் வாசிக்க அவள் கேட்டுப் பிடித்துக்கொள்வாள்.

வஹகோட்டைக் கோயில் திருநாளில் நான் சொன்னதைப் பற்றி இதில் எழுதவில்லை. நான் சொன்னது பொய்யும் இல்லை.

அக்கா
லூசியா

•

வில்கமுவ
21.01.2025

திருமதி லூசியா ஒஸ்வல்ட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

நீங்கள் எழுதப்போவதில்லை என்ற விசயத்தை நான் எழுதுகிறேன். திருநாளன்று சாப்பாட்டுப் பந்தியில் என்னோடு படித்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். பாரிசில் என்ன வேலை என்று ஒருவன் கேட்டான். ஹோட்டலில் என்றேன். அது உண்மை. நீங்கள் சோற்றுத் தட்டோடு வந்து, "ஹோட்டல்தான், ஹோட்டல்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் பிளேட் கழுவுற ஹோட்டல்!" என்று சொல்லிச் சிரித்தீர்கள். பந்தியே சிரித்தது. கடைசியில் ஒருத்தன் தன் தட்டை என் பக்கம் நீட்டினான். அதை நீங்கள் பார்த்தீர்களோ தெரியாது. நான் பார்த்தேன்.

அன்று பின்னேரமே இந்தப் பக்கம் வரும் ஹெட்டிப்பொல பஸ்ஸில் ஏறியவன்தான். இங்கே பஸ்லியின் வயலில் பாதியை நான் செய்கிறேன். பஸ்லி பள்ளிக்கூடத்திலும் என்னோடு படித்தவன், ஆனால் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நெல்லுக்கும் பிரெஞ்சு தேவையில்லை.

என் பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. வெங்காயம், கத்தி, தள்ளு, சுடுது, கெதியா ஓடு. சீமாட்டிகளுக்கு அது உதவாது. உங்கள் நடிகையிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெஸ்டின்

பி.கு.: 'மோர்' என்பதில் கடைசி 'ர்' நாக்கில் வராது. தொண்டையில் வரும். வாய் கொப்பளிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது போல. அமெரிக்கர்கள் நாக்கைச் சுருட்டுவார்கள், அதனால்தான் அப்படிக் கேட்கிறது. வசனத்தின் முதல் சொல்லான 'மோன்' என்பதில் 'ன்' முழுதாக வரக்கூடாது, மூக்கோடு நிற்க வேண்டும். மற்ற இரண்டு வசனத்தையும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மதுஷிகா ஓர் இடத்தில் எழுத்துப் பிழை விட்டிருக்கிறாள், திருத்தியிருக்கிறேன். இதோடு சரி.

•

அலுவிகாரை
27.01.2025

தம்பி,

முதலில் ஒன்று. எப்போதிருந்து நான் உனக்குத் 'திருமதி', 'நீங்கள்'? பிறந்ததிலிருந்து என்னை 'நீ, வா, போ' என்று கூப்பிட்டவன் நீ. கோபமென்றால் திட்டு. மரியாதை கொடுத்து என்னைக் கொல்லாதே.

இரண்டாவது. உன் 'ர்' வேலை செய்தது! உடுப்பு அறையில் நானும் அவளும் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு கொப்பளித்துப் பழகினோம். சொலான்ஜ் மேடம் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டா. அன்றைக்குச் சவப்பெட்டிக் காட்சி. அவள் "மோன் மரி ஏ மோர்" என்று சொன்னபோது குதிரைக்காரர்கூடத் தொப்பியைக் கழற்றினார். டைரக்டர் ஒரே தடவையில் 'சரி' என்றார். மார்லா ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "உன் தம்பிக்கு ஒரு முத்தம்" என்றாள். தபாலில் அதை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை.

மூன்றாவது. யாரோ தட்டை நீட்டியதை நான் பார்க்கவில்லை ஜெஸ்டின். சத்தியமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தத் தட்டாலேயே அவனை அடித்திருப்பேன். எனக்கு நீ பாத்திரம் கழுவினது வெட்கமாக இருக்கவில்லை, அதனால் சிரித்தேன். உனக்கு அது வெட்கமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீ எனக்குச் சொல்லவே இல்லையே. உன் அறைத்தோழனின் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். நீ என்னிடம் பதிமூன்று வருசம் 'ஹோட்டல்' என்றாய். அந்தக் கோபமும் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இருந்தது. இப்போது யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் இல்லை, நிறையவே இருந்தது.

சரி, இப்போது பெரிய தலையிடி. படத்தின் முக்கியமான காட்சி கவர்னர் முன்னால். அதில் ஒரு நீளமான வசனம். எத்தனை தடவை சொன்னாலும் எட்டாவது சொல்லில் அவளுக்கு உடைந்துவிடுகிறது. டைரக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, படம் முடிந்த பிறகு பாரிசில் வேறொரு பெண்ணின் குரலைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நாடாவை அவிழ்க்கும்போது சொன்னாள்: "இருபது வருசமா நான் நடிச்ச படத்துல எல்லாம் துப்பாக்கியோட ஓடியிருக்கேன், கார்லேர்ந்து குதிச்சிருக்கேன். யாருமே என்னைப் பேசச் சொல்லல. முதல் தடவையா ஒரு படத்துல பேசுறதுக்கு இருக்கு. அதையும் வேற ஒருத்தி பேசுவாளாம்."

வசனம் இருக்கும் பக்கத்தை வைத்திருக்கிறேன். மழையில் நனைந்து ஓர் இடம் கலங்கியிருக்கிறது. நீ பார்த்துச் சரிபண்ணு. ஃபெப்ரவரி பத்தாம் திகதி ஒத்திகை.

லூசியா

•

வில்கமுவ
01.02.2025

அக்கா,

பக்கத்தைப் பார்த்தேன். கலங்கின இடத்தை என் எண்ணப்படி நிரப்பியிருக்கிறேன். வசனம் இது:

ஜ ந ஸ்வி பா வெனூ ஜுஸ்கிஸி பூர் க த்யூ ம ரான்வ்வா.

'ஜ' என்று எழுதியிருந்தாலும் அதைப் பல்லில் இடிக்க வேண்டாம், காற்றாக விடச் சொல். அர்த்தம்: நீ என்னைத் திருப்பி அனுப்புவதற்காக நான் இவ்வளவு தூரம் வரவில்லை.

இதை வாசித்த பிறகு இரண்டு நாள் உனக்கு எழுதவில்லை. வரப்பில் நடந்தபடியே இந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். பஸ்லி தண்ணி இறைக்கும் மெசினை நிறுத்திவிட்டு, "யாரோடடா சண்டை?" என்று கேட்டான். ஒருத்தரோடும் இல்லை என்றேன். பிறகு அவனுக்குச் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன்.

நான் பாரிஸ் போதும் என்று வரவில்லை. திருப்பி அனுப்பப்பட்டு வந்தேன். பதிமூன்று வருசமும் அங்கே தங்குவதற்கான அனுமதிக் கடதாசி கிடைக்கவில்லை. கடைசி மனுவையும் தள்ளிவிட்டார்கள். ஒருநாள் காலை வேலைக்குப் போகும்போது ரயில் படிக்கட்டில் இரண்டு பொலிஸ்காரர் கடதாசி கேட்டார்கள். பதினெட்டு நாள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தில் வைத்திருந்தார்கள். கெட்ட மனிதர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவன் தன் சிகரெட்டைக்கூடத் தந்தான். விமானத்தில் ஏற்றும்போது அங்கிருந்த அதிகாரியம்மா, "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டா. அந்தப் பாசையில் நான் கனவே கண்டிருக்கிறேன் அக்கா. ஆனால் ஒரு சொல் வரவில்லை. "மெர்சி" என்று சொல்லிவிட்டு ஏறினேன். திருப்பி அனுப்புகிறவர்களுக்கு நன்றி சொன்ன ஆள் நான்.

அதனால் திருநாளில் எனக்குக் கோபம் வந்தது பிளேட்டுக்காக மட்டும் இல்லை. ஆயிரம் பிளேட் கழுவியதில் எனக்கு வெட்கமில்லை என்றுகூடச் சொல்லலாம். அதையும் தொடர்ந்து செய்ய விடவில்லையே என்பதுதான்.

இனி வசனத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் இதை எங்கேயும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் அது கெஞ்சலாகிவிடும். எட்டாவது சொல்லில் தினமும் உடைகிறது என்றால் நாக்கில் பிழையில்லை. எங்கள் ஹோட்டலில் சமையலுக்குத் தலைமையான பெரிய கோக்கியார் ஏப்ரனை இறுக்கிக் கட்டிய நாளில் அவருடைய சத்தம் அடுப்புவரைகூடப் போகாது. அவிழ்த்துவிட்டால் தெருவரை கேட்கும். நீ தினமும் காலையில் அவளை மாடு கட்டுகிற மாதிரிக் கட்டுவதாக எழுதியிருந்தாய். பிழை அவளிடம் இல்லை, உன் கையில் இருக்கிறது. தையலைப் பார்.

ஜெஸ்டின்

•

அலுவிகாரை
06.02.2025

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை உடுப்பு அறையில் நின்றுகொண்டு வாசித்தேன். மார்லா என் முகத்தைப் பார்த்துவிட்டு யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, ஒருத்தன் உயிரோடு வந்திருக்கிறான் என்றேன்.

உன்னைப் பார்த்துச் சிரித்ததற்கு மன்னித்துக்கொள். இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை. 'மெர்சி' சொன்னதற்கு நீ வெட்கப்படாதே. அதிலே வெட்கப்பட வேண்டிய ஆள் நீ இல்லை.

உன் மச்சானுக்கும் சொன்னேன். அவர் த்ரீவீலரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "அந்தத் தட்ட நீட்டுனவன் யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார். நீ சொல்லாதே. பாவம், யாரோ பிழைத்துப் போகட்டும்.

தையலைப் பார்த்தேன். நீ சொன்னது சரி. விலா எலும்புக்குக் கீழே அவளுக்கு ஒரு நூல் இடமும் இல்லை. மேடம் பாரிசில் வைத்து அளவெடுத்தபோது அவள் பட்டினி கிடந்தாளாம். இங்கே வந்த பிறகு தேங்காய் போட்டுச் சுடும் நம் ஊர்ப் பொல் ரொட்டியைப் பிடித்துக்கொண்டாள். மேடத்திடம் கேட்டிருக்க வேண்டும், தெரியும். ஆனால் அந்தக் கோர்செட்டை மேடம் பெற்ற பிள்ளை போலப் பார்க்கிறா. 'அந்தக் காலத்தில் இல்லாத ஒரு நூலும் இதில் கிடையாது' என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவா. அதனால் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, பள்ளிக்கூடச் சட்டைக்குப் போடும் எலாஸ்டிக்கை இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே வைத்து, மேலே அதே துணியை மூடித் தைத்துவிட்டேன். என் கண்ணுக்கே தெரியவில்லை.

கட்டிவிட்டதும் மார்லா மூச்சை இழுத்தாள். இன்னும் இழுத்தாள். கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். பிறகு உன் வசனத்தை ஒரே ஓட்டமாகச் சொன்னாள். நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் போலக் குதித்தோம்.

திங்கட்கிழமை ஒத்திகை. வேண்டிக்கொள்.

லூசியா

•

அலுவிகாரை
10.02.2025

ஜெஸ்டின்,

என்னை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். பயப்படாதே, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மத்தியானச் சோற்றையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நடந்தது இது. ஒத்திகையையும் கேமராவில் பிடித்தார்கள். கவர்னராக நடிப்பவர் பாரிசில் பெரிய நாடக நடிகராம், எழுபது வயது, பேசினால் ஜன்னல் அதிரும். மார்லா அவர் முன்னால் நிமிர்ந்து நின்று வசனத்தைச் சொன்னாள். உடையவே இல்லை. அந்த மனுசன் ஓரடி பின்னால் போய்விட்டார். பிறகு யாரோ ஒருவர் சிரித்தார். அதோடு பிரெஞ்சுக்காரர் எல்லாரும் சிரிக்கத் தொடங்கினார்கள். மார்லா சிவந்து போனாள்.

கவர்னருக்கு 'வூ' என்றுதான் சொல்ல வேண்டுமாம். அதுதான் 'நீங்கள்'. நீ 'த்யூ' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். கவர்னரைப் பார்த்து 'நீ என்னைத் திருப்பி அனுப்ப' என்று சொல்ல வைத்திருக்கிறாய்! டைரக்டர் கையிலிருந்த கடதாசியை எறிந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். மார்லா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் முன்னால் போய், நான் என்றேன்.

அதே நேரம் சொலான்ஜ் மேடத்துக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நீளமான மூச்சு இவளுக்கு எங்கிருந்து வந்தது? விரலை விட்டுப் பார்த்தா. எலாஸ்டிக் அகப்பட்டது. தமிழில் திட்டியிருந்தால் நானும் பதில் கொடுத்திருப்பேன்.

"நாளைக்கு வர வேண்டாம்" என்றார்கள். என்னையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள் தம்பி. நானும் "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வாசலைத் தாண்டிய பிறகுதான் அது உறைத்தது. நடு ரோட்டில் நின்று சிரித்தேன், உன்னை நினைத்து.

மார்லாவுக்குத்தான் கவலைப்படுகிறேன்.

லூசியா

•

வில்கமுவ
13.02.2025

அக்கா,

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பிழை என்னுடையது. கலங்கியிருந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 'வூ' போட்டால் கடைசிச் சொல் மாறி, நாக்கு நாலு முடிச்சுப் போடும். அவளுக்கு வராது என்று சுலபமானதை எழுதினேன். அது ஒரு காரணம். இன்னொன்று, பதிமூன்று வருசத்தில் எங்கள் சமையலறையில் ஒருவரும் ஒருவருக்கும் 'வூ' சொன்னதில்லை.

அறுவடை தொடங்கிவிட்டது. இரண்டு நாளைக்குப் பஸ்லி பார்த்துக்கொள்வான். "போய் உன் கவர்னரோட பேசிட்டு வா" என்கிறான்.

என் வெள்ளைச் சேட் உன் வீட்டில் இருந்தால் அயன் பண்ணி வை.

ஜெஸ்டின்

•

வில்கமுவ
21.02.2025

அக்கா,

பஸ்ஸில் ஏற்றிவிடும்போது மூன்று தடவை கேட்டாய், "உள்ள என்னடா பேசினீங்க?" என்று. அங்கே வைத்துச் சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது. போனிலும் கேட்டாய். போனில் நான் சொதப்பிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

உன்னை வாசலில் நிற்க வைத்துவிட்டு என்னை டைரக்டரின் கூடாரத்துக்குள் கூட்டிப்போனார்கள் அல்லவா? அவர், கவர்னராக நடிக்கும் பெரியவர், உன் சொலான்ஜ் மேடம், மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பதினெட்டு நாளுக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் முன்னால் நிற்பது அதுதான் முதல் தடவை.

பிரெஞ்சில் பேசத் தொடங்கினேன். என் அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியாது, நான் எழுதியதைத்தான் வாசித்தா, பிழை முழுவதும் என்னுடையது என்றேன். டைரக்டர், "எங்கே படித்தாய் இந்தப் பிரெஞ்சை?" என்று கேட்டார்.

ஹோட்டலில் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பிறகு, "பதிமூன்று வருசம் பாத்திரம் கழுவினேன்" என்றேன். எந்தத் தெரு என்று பெரியவர் கேட்டார். சொன்னேன். அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நாடகம் முடிந்த நாட்களில் அந்தத் தெருவில்தான் சாப்பிடுவாராம். "அப்படியானால் என் தட்டையும் நீ கழுவியிருக்கிறாய்" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் குன்றிப்போகவில்லை. "உப்பு அதிகம் என்று எழுதி அனுப்புகிற ஆள் நீங்களா?" என்று கேட்டேன். டைரக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெரியவர் விசயத்துக்கு வந்தார். "என் ஐம்பது வருச நடிப்பில் ஒத்திகையில் நான் பின்னால் நகர்ந்தது அன்றைக்குத்தான். அவள் என்னை 'நீ' என்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கவர்னரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்" என்றார். ஒத்திகையில் பிடித்ததை எனக்கும் போட்டுக் காட்டினார்கள். சிரிப்புச் சத்தத்தை விட்டுவிட்டு அந்த மனுசனின் முகத்தை மட்டும் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. டைரக்டர் ஐந்து தடவை போட்டுப் பார்த்தார். புருஷனை இழந்தவள், கப்பல் வாசலில் நிற்கிறது, அப்போதும் அவள் மரியாதை பார்ப்பாளா என்று என்னிடமே கேட்டார். நான் என்ன சொல்ல? "நான் பார்த்தேன் ஐயா, பார்த்தபடியால்தான் திரும்பி வந்தேன்" என்றேன். டைரக்டர் பேனாவை எடுத்துத் தன் கடதாசியில் 'வூ'வை வெட்டிவிட்டு 'த்யூ' என்று எழுதினார்.

சொலான்ஜ் மேடம் மட்டும் எலாஸ்டிக்கை மேசையில் போட்டு, இது அந்தக் காலத்தில் கிடையாது, கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலு நாள் என் கண் முன்னாலேயே இருந்தது. நான் காணவில்லை. உன் அக்காவின் கை அப்படிப்பட்டது" என்றா. இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னா. சொல்லிவிட்டேன்.

இரண்டு நாளும் மார்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை நீ பார்த்தாய். என்னை 'புரொபெசர்' என்று கூப்பிட்டாள். காட்சியை எடுக்கும்வரை நிற்க முடியவில்லை, நெல் நிற்காது. எப்படிப் போனது என்று எழுது. போனில் வேண்டாம், எழுது.

ஜெஸ்டின்

•

அலுவிகாரை
27.02.2025

என் தம்பிக்கு,

உன்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, திரும்பக் கிடைத்த வேலைக்கு நான் போனபோது மேடம் ஒரு தடித்த லினன் துணியை என் மடியில் போட்டா. எலாஸ்டிக்குக்குப் பதிலாக இரண்டு பக்கமும் துணிப் பட்டி, அதில் கையால் போட்ட கண் துளை, நாடா. அந்தக் காலத்தில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு அப்படித்தான் செய்வார்களாம். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு துளை. ஒரு பக்கத்தை மேடம் தைத்தா, மற்றதை நான். தைத்து முடித்ததும் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. எது யாருடையது என்று மதுஷிகாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மேடத்துக்கு அது பிடிக்கவில்லை, எனக்கு மிகவும் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் எடுத்தார்கள். பங்களாவின் பெரிய அறை. மேற்கு ஜன்னலால் வெயில் வந்தது. கவர்னர் மேசைக்குப் பின்னால். மேசையில் கப்பல் சீட்டு. காலையில் மார்லாவுக்கு நாடாவைக் கட்டினேன். கடைசி முடிச்சுப் போட்டதும், "உன் தம்பிக்கு அந்த நேரம் என்ன சொல்ல வேண்டியிருந்ததோ, அதை நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். நீ அவளுக்குச் சொல்லியிருக்கிறாய் போல. சொல்லு என்றேன்.

முதல் தடவை ஒரு குதிரை கனைத்துக் கெடுத்தது. இரண்டாம் தடவை கவர்னர் சீட்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் தலையைக் குனிந்து சீட்டைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். பிறகு சொன்னாள். கத்தவில்லை, ஜெஸ்டின். நான் கத்துவாள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுவது போலச் சொன்னாள். பெரியவர் தானாகவே கையை எடுத்துச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அது எழுதியதில் இல்லாததாம்.

'கட்' சொன்னார்கள். டைரக்டர் எழும்பிப் போய் மார்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கன்னமெல்லாம் கண்ணீர். வேறு குரல் போடப்போவதில்லையாம். படம் முழுவதும் அவள் குரல்தான்.

நான் கதவோரம் மேடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது, வசனம் பாதிதான் கேட்டது. சத்தம் பிடிக்கிற ஆள் அதைக் கவனித்திருக்க வேண்டும். தன் காதில் போட்டிருந்ததைக் கழற்றி என் தலையில் வைத்து, மறுபடியும் ஓடவிட்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு துணி உரசும் சத்தம். அது நாங்கள் தைத்த பட்டி விரிகிற சத்தம். அவள் மூச்சை இழுக்கிறாள். எவ்வளவு நீளமான மூச்சு! அதற்குப் பிறகு உன் வசனம், என் காதுக்குள்ளேயே யாரோ பேசுவது போல, எட்டாவது சொல்லையும் தாண்டிக் கடைசிவரை போனது.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது, தம்பி. ஆனால் அந்தப் பெண்ணை இனி யாராலும் கப்பலேற்ற முடியாது என்று எனக்கு விளங்கியது.

அக்கா
லூசியா